பேரையூர் வாலிபர்களுக்குச் சமாதானப் பிரசங்கம்

கல்லூரி வாலிபர்களுக்கு யுத்தத்தைப் பற்றியும் சமாதானத்தைப் பற்றியும் உபந்நியாசம் செய்ய வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைப்பதும், அவர் மாலை மரியாதையோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதும் நம் நாட்டில் வழக்கமாய் இருக்கிறது. நாமும் இப்படிப்பட்ட பிரசங்கங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறோம். வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் ஆரம்பித்து ஹிரோஷிமாவுக்குப் போய், கடைசியில் "மனச்சாந்தி வேண்டும், பிரார்த்தனை வேண்டும்" என்று முடியும். வாலிபர்களும் கை தட்டுவார்கள்.

பிரார்த்தனையின் யோக்கியதை என்ன? 1914-இல் மூண்ட யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாயின் இடுப்புவார்க் கொக்கியிலேயே "கடவுள் நம்மோடு இருக்கிறார்" என்று பொறித்திருந்தது. எதிர்க்கட்சியாகிய இங்கிலாந்திலோ பாதிரிமார்கள் அதே கடவுளிடம் வெற்றி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே கோர்ட்டில் இரண்டு மனு! செத்தவர்கள் மட்டும் இரண்டு பக்கத்திலும் லட்சம் லட்சமாய்ச் செத்தார்கள்.

இது நிற்க, பேரையூர்ப் பக்கத்து வாலிபர்களுக்குச் சமாதானம் பேச வருகிறவர் வெர்சேல்ஸுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லுகிறோம். உலகத்தில் இனி யுத்தமே கூடாது என்று சர்வதேச சங்கம் 1920 ஜனவரி 10-ந் தேதி ஏற்பட்டது. வெள்ளைக்கார சர்க்காரின் தயவால் இந்தியாவும் அதில் ஓர் அங்கத்தினர். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 3-ந் தேதி, இதே பேரையூர் தாலுகாவைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில் அந்த சர்க்காரின் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்து 16 பேரைக் கொன்றது. மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களில் ஒருவர். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் அவர் என்று ஊரார் சொல்லி வருகிறார்கள்.

அவர்கள் செய்த குற்றந்தான் என்ன? குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்கமாட்டோம் என்றார்கள். பிறமலைக் கள்ளர் ஜாதியில் பிறந்துவிட்டால் போதும், திருடினாலும் திருடாவிட்டாலும் போலீஸ் புத்தகத்தில் பேர் ஏறும். ராத்திரியில் சொந்த வீட்டில் படுக்க முடியாது. இந்த அக்கிரமம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது. இதையும் சர்க்கார் "பொது ஜன அமைதி" என்றே அழைத்தது என்பதை வாலிபர்கள் கவனிக்க வேண்டும்.

பிறப்பைக் கொண்டு மனிதனை மட்டம் தட்டும் வித்தையை வெள்ளைக்காரனா நமக்குக் கற்றுக்கொடுத்தான்? நம் சாஸ்திரங்களில் இல்லாததையா அவன் செய்தான்?

இனி, சொல்லக் கசப்பான ஒரு சங்கதி. பிறப்பின் பேரால் சுடப்பட்டவர்களின் வட்டாரத்திலேயே, பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில், தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட பின், 1996 முதல் 2006 வரை அவர்களில் ஒருவரையும் அந்த நாற்காலியில் நிலையாக உட்கார விடவில்லை. மனுச் செய்யப் பயந்தார்கள். ஜெயித்தவரும் ராஜினாமாச் செய்தார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்தப் பத்து வருஷமும் அங்கே பீரங்கி முழங்கவில்லை. ஊர் அமைதியாய் இருக்கிறது என்றுதான் பெரிய மனிதர்கள் சொன்னார்கள். எவனுடைய அமைதி? நாற்காலியில் உட்கார்ந்தவனுடையதா, வாசலில் நின்றவனுடையதா?

கல்லூரித் தலைவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பேராசிரியரை மேடைக்கு அழைத்துப் போகுமுன், மாணவர்களோடு பஸ் ஏற்றிப் பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்கும், அங்கிருந்து கீரிப்பட்டிக்கும் அழைத்துப் போகட்டும். வாலிபர்கள் கேள்வி கேட்கட்டும். அவர் பதில் சொல்லட்டும். நேரம் மிச்சமிருந்தால் வெர்சேல்ஸைப் பற்றியும் பேசலாம்.