தங்கச்சிமாரின் வீடு கட்டி முடிந்த பிறகு

பிள்ளை குட்டி பெற்று, தலையும் நரைத்த ஒருவர் தன்னைப் பெண் என்று சொன்னாலோ, பெண்ணுடுப்பு உடுத்தினாலோ நம் கரையோர ஊர்களில் அதற்கு இரண்டு விளக்கங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. கிழட்டு வயதில் மூளை பிசகிவிட்டது என்பது ஒன்று. கையில் போன் வந்ததால் கெட்டுப்போனார் என்பது மற்றது. இருபது வயதுப் பிள்ளையிடம் 'பிறவிக் குணம், என்ன செய்வது' என்று கொஞ்சமாவது இரக்கம் காட்டுகிறவர்கள்கூட ஐம்பது வயதுக்காரரிடம் அதைக் காட்டுவதில்லை. இவ்வளவு காலமும் ஆணாகத்தானே இருந்தார், கலியாணம் முடித்தார், வாப்பாவானார், இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் இலங்கையின் அம்பாறைக் கரையில் ஓர் ஆணின் முதல் ஐம்பது வருடம் எதில் செலவாகிறது என்று கணக்குப் பார்த்தால், பிந்தியதற்கான காரணம் பெரும்பாலும் ஊரின் அமைப்பிலேயே கிடக்கிறது.

மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே போகப் போக முறை ஒன்றுதான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்க் குடியேறுகிறார். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. குடி என்னும் குலம் தாய்வழியாக வருகிறது. இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் ஏறக்குறைய ஒரே விதமாக இதைப் பின்பற்றுவதை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்குக் காணியும் கூரையும் உறுதியாகக் கிடைப்பது இம்முறையின் பெரிய நன்மை. நாட்டின் வேறு பகுதிப் பெண்கள் பலருக்கு இது கிடையாது. அந்த வீட்டைக் கட்டும் செலவோ வாப்பாவின் தலையிலும் காக்காமாரின் தலையிலும் விழுகிறது. பத்தொன்பது இருபது வயதில் கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறவன் அனுப்பும் காசு முதலில் தங்கச்சிமாரின் அத்திவாரத்துக்குள் போகிறது, பிறகு தன் மகள்மாரின் சுவர்களுக்குள். கூரை ஏறாமல், தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்க, முற்றத்தில் மணல் குவியலோடு நிற்கும் வீடுகளை எந்த ஊரிலும் காணலாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இன்னும் கட்டி முடிக்காத கடமை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் அடியோடு போயின. கட்டி முடித்திருந்த பலர் முதல் கல்லிலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள்.

இந்தக் கணக்குக்குள் 'நான் ஆணில்லை' என்று சொல்ல எந்த வருடம் தோதானது? இருபத்திரண்டில் சொன்னால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது. முப்பதில் சொன்னால் மனைவி வீட்டார் முன் உம்மா தலைகுனிய வேண்டும். நாற்பதில் மகளுக்குப் பேச்சு நடக்கிறது. கடைசி மகளின் வீட்டுக்குக் கொங்கிரீட் போட்டு முடியும்போது ஐம்பது தாண்டிவிடும். அதற்குப் பிறகே தனக்கென்று மூச்சு விடுகிற ஒருவரைப் பார்த்து 'ஏன் இப்போது' என்று கேட்பது எனக்குச் சற்றுக் குரூரமாகவே படுகிறது. அத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததில் விளையாட்டுத்தனம் எங்கே இருக்கிறது?

இப்படிப் பிந்தி வெளியே சொல்வது கைத்தொலைபேசிக்கு முந்திய காலத்திலும் நடந்திருக்கிறது. 1926இல் பிறந்த பிரித்தானிய எழுத்தாளர் ஜான் மொரிஸ் இராணுவத்தில் இருந்தவர். 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடு போய் அந்த வெற்றிச் செய்தியை உலகுக்கு அனுப்பிய பத்திரிகையாளர். 1949இல் மணமுடித்து ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். தான் பெண் என்பது மூன்று நான்கு வயதிலேயே தெரியும் என்று பின்னாளில் எழுதினார். மொரோக்கோவின் கசபிளங்காவில் சத்திரசிகிச்சை செய்துகொண்டது 1972இல், நாற்பதுகளின் நடுவில். அன்றைய பிரித்தானியச் சட்டத்தின்படி அவரும் மனைவி எலிசபெத்தும் விவாகரத்துப் பெற வேண்டியதாயிற்று. ஆனாலும் இருவரும் ஒரே குடும்பமாகவே தொடர்ந்தார்கள். சட்டம் இடம் கொடுத்த பிறகு, 2008இல் மறுபடியும் பதிவு செய்துகொண்டார்கள். எல்லா மனைவியரும் எலிசபெத் ஆக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. தெரிந்துகொண்டதற்கும் வெளியே சொன்னதற்கும் இடையில் நாற்பது வருடம் இருக்கலாம் என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

மார்க்கத்தின் பேரில் வரும் ஆட்சேபத்தை லேசாகத் தட்டிவிட முடியாது. பெண்களுக்கு ஒப்பாக நடக்கும் ஆண்களை நபிகளார் சபித்ததாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. குத்பாக்களில் அடிக்கடி கேட்பதும் அதுவே. இதற்கு விளக்கம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவி, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், இயல்பிலேயே பெண்தன்மையோடு படைக்கப்பட்டவரையும் வேண்டுமென்றே அப்படி நடிக்கிறவரையும் இரண்டாகப் பிரிக்கிறார். முதலாமவர் மீது பழியோ பாவமோ தண்டனையோ இல்லை என்கிறார். சாபத்தை இரண்டாமவருக்கே உரியதாக்குகிறார். இதைப் பால்மாற்றச் சிகிச்சைக்கான அனுமதியாக யாரும் வாசிக்கக் கூடாது. நவவி பேசியது அதைப் பற்றியல்ல. 1988இல் கெய்ரோவில் பால்மாற்றச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவி ஸாலியின் விவகாரத்தில் முஃப்தி ஸைய்யித் தன்தாவி கொடுத்த பத்வாவையும் இரு தரப்பாரும் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே சிகிச்சை ஆகுமா ஆகாதா என்பதை உலமாக்கள் விவாதிக்கட்டும். அதற்குள் ஒருவரை அடிப்பதற்கும், பள்ளியில் ஸஃப்பிலிருந்து, அதாவது தொழுகை வரிசையிலிருந்து, விலக்குவதற்கும், ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் போவதற்கும் நவவியிடம் ஆதாரம் கிடையாது. ஒருவருடைய இயல்பு பிறவியானதா நடிப்பா என்று தீர்ப்புச் சொல்ல ஊருக்கு என்ன கருவி இருக்கிறது? நாற்பது வருடம் எதிர்த் திசையில் நடித்தவரை இப்போதுதான் நடிக்கிறார் என்பது விசித்திரமான தீர்ப்பு.

எனக்குக் கனமாகத் தெரிவது மனைவியின் பக்கம். ஆணென்று நம்பி நிக்காஹ் செய்தவருக்கு இது பெரிய இழப்பு. ஏமாற்றப்பட்டதாக அவர் உணர்ந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. இங்கேதான் நம் கிழக்கின் முறை கைகொடுக்கிறது. வீடு அவருடையது, யாரும் அவரை வெளியேற்ற முடியாது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மனைவி கோரும் விவாகரத்தான பஸஹ் கேட்டோ குல்உ கேட்டோ காதி நீதிமன்றம் போகலாம். மஹர் பாக்கியிருந்தால் கேட்கலாம். அந்த வழக்கு நீதியாக, ஊர்ப்பேச்சு கலக்காமல் முடிய வேண்டும். ஆனால் விவாகம் முடிந்துபோனால் வாப்பா உறவும் முடிந்துபோகுமா? மகளின் சம்பந்தம் கெட்டுப்போகும் என்பார்கள். அதைக் கெடுக்கிறவர்கள் அயலவர்கள். அவர்கள் செய்கிற அநியாயத்தைக் காட்டி இன்னொருவரின் வாயை அடைப்பது எப்படி நியாயமாகும்?

அரசாங்கம் இதில் நம்மைவிட முன்னே போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மனநல வைத்திய நிபுணர் வழங்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்த 2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் சுற்றறிக்கை வெளியிட்டார்கள். உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்படுத்தலில் திருநராக இருப்பது மனநோய்ப் பட்டியலிலேயே இல்லை. அப்படியிருந்தும் நம் நாட்டில் வழி மனநல கிளினிக் ஊடாகத்தான் போகிறது. ஊர் ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவர் மச்சான் முறை, தாதி மனைவியின் பெரியம்மா மகள். ஐம்பது வயதுக்காரர் அந்த வரிசையில் எப்படி உட்காருவார்? விடியற்காலைப் பஸ்ஸில் கொழும்புக்குப் போவார், அல்லது போகாமலே இருந்துவிடுவார். ஒரு பக்கம் சான்றிதழ் கொடுக்கிற அரசு, மறுபக்கம் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும், ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவையும் பொலிஸார் கையில் விட்டுவைத்திருக்கிறது. பெண்ணுடுப்போடு நடந்து போனதற்காக இவற்றைக் கொண்டு மிரட்டப்பட்டவர்களின் சாட்சியங்களை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. 399ஐத் திருநர் மீது பயன்படுத்தக் கூடாது என்று பொலிஸ் நிலையங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் போக வேண்டும். அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

பள்ளிவாசல்களுக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பிறப்பிலேயே ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரியாத குன்ஸாவுக்கு ஷாஃபி ஃபிக்ஹ் நூல்கள் தொழுகையில் எந்த வரிசை, வாரிசில் எவ்வளவு பங்கு, மௌத்தானால் குளிப்பாட்டுவது யார் என்று வரி வரியாகச் சட்டம் எழுதியிருக்கின்றன. பழைய உலமாக்கள் அப்படிப்பட்ட மனிதரை ஊருக்கு வெளியே அனுப்பாமல் ஸஃப்புக்குள் இடம் தேடினார்கள். நான் பேசுகிறவர்கள் குன்ஸாக்கள் இல்லை, அது வேறு மஸ்அலா, வேறு மார்க்கச் சட்டக் கேள்வி என்று சொல்லலாம், சரி, வேறுதான். ஆனால் இவர்களுக்கும் அறுபது எழுபது வயதாகும், இவர்களுடைய மையித்தும் ஒருநாள் நம் மையவாடிக்கு வரும். அன்றைக்குக் கபன் துணியோடு வாசலில் நின்று சண்டை பிடிக்காமலிருக்க, கல்முனை உலமாக்களும் நம்பிக்கையாளர் சபைகளும் இந்த மஸ்அலாவை இப்போதே பேசி முடிவெடுத்து எழுதி வைக்கலாம்.