அடிமை எப்போது வேலைக்காரர் ஆனார்?

2018இல், நாட்சம்பளம் 1000 ரூபாய் கேட்டு மலையகம் போராடிக்கொண்டிருந்த நாட்களில், பதுளைப் பக்கத்துத் தோட்ட ஆலயமொன்றில் ஒரு பிரசங்கம் கேட்டேன். வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆதாரம் கொலோசெயர் 3:22. "மூல கிரேக்கத்திலும் இது கட்டளையே, கணினியில் தேடிப் பார்த்துவிட்டேன்" என்றார் போதகர். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலைகுனிந்து அமர்ந்திருந்தனர்.

அவர் தேடியதில் எனக்கு மறுப்பில்லை. பாதியில் நிறுத்தியதில்தான் மறுப்பு.

அக்கார்டன்ஸ், லோகோஸ் போன்ற மென்பொருள்களில் சொல்லை மட்டுமல்ல, இலக்கண அமைப்பையே தேடலாம். விளியாக நிற்கும் பன்மைப் பெயர், அதற்குரிய பன்மை ஏவல்வினை என்று தேடுங்கள். 3:18 தொடங்கி ஆறு இடங்கள் வரிசையாக வரும்: மனைவியர், கணவர், பிள்ளைகள், தகப்பன்மார், அடிமைகள், எஜமானர். ஆறாவது 4:1இல் உள்ளது. நியாயத்தையும் 'இஸோதேஸ்' என்பதையும் கொடுங்கள் என்று எஜமானருக்கு இடப்பட்ட ஏவல் அது. அச்சொல்லுக்குச் சமன்மை, நேர்மை என்று பொருள். போதகர் ஐந்தாவதோடு நின்றுவிட்டார், அதிகாரம் அங்கே முடிவதால். அதிகாரப் பிரிவோ நிருபத்தில் இருந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டது.

இன்னொன்று. 3:22இல் உள்ள கிரேக்கச் சொல் 'தூலொஸ்', அதாவது அடிமை. நம் பழைய திருப்புதல் அதை 'வேலைக்காரர்' என்கிறது. அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் அதே சொல்லை 'அடிமை' என்றே தருகிறது. ஒரு சொல்லைத் தேடினாலே இது புலப்பட்டிருக்கும்.

காலத்துக்கேற்ற மொழிபெயர்ப்பு என்பார்கள். ஆகட்டும். அடிமையை இக்காலத் தொழிலாளியாக மாற்றுவோர், எஜமானின் கடமையையும் இக்காலத்துக்கு மாற்ற வேண்டாமா? நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவது எந்த இஸோதேஸ்? லயத்தின் ஒழுகும் கூரை எந்த நியாயம்? அந்த 1000 ரூபாய் 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை வழியாகச் சட்டமாயிற்று. அதைத் தந்தது கீழ்ப்படிதல் அன்று, கேட்டுக்கொண்டே இருந்தமை.

கேட்ட கேள்விக்கு மட்டுமே மென்பொருள் விடை தரும். துரைக்கு உகந்த கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, கிரேக்கத்தின் மீது பழிபோடுவது படிப்பாகாது. லயத்து மக்களுக்குக் கிரேக்கம் தெரியாது என்ற துணிவில் மேடையேறும் போதகர்களே, அடுத்த ஞாயிறு இன்னும் ஒரு வசனம் கூடுதலாக வாசியுங்கள்.