நெற்றி நீறும் வடிகட்டிய நீரும்

கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டீசியஸ், குடிமக்கள் தன் நாட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழைப் பெற வேண்டும் என ஆணையிட்டபோது, ஆதிக் கிறித்தவர்களின் உயிர் ஒரு துண்டு ஏட்டைப் பொறுத்ததாயிற்று. செஞ்சிச் சீமைச் சமணர்களுக்கோ அந்தச் சான்று நெற்றித் திருநீறாக இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் செஞ்சித் தலைவன் ஒருவன் சமணரிடம் பெண் கேட்டு அவமதிக்கப்பட்டான் என்றும், அச்சினத்தில் அவர்கள் தலைகளைக் கொய்ய ஆணையிட்டான் என்றும், உயிருக்கு அஞ்சிச் சைவரானோர் நீறுபூசி வேளாளர் எனப்பட்டனர் என்றும் நயினார்களாகிய தமிழ்ச் சமணரிடையே வழிவழிச் செய்தி உண்டு. திண்டிவனத்தை அடுத்த வேலூரில், நுண்ணுயிர் சாகாதிருக்கக் குளத்து நீரை வடிகட்டிய ஒருவர் அந்தச் செயலாலேயே சமணர் எனக் கண்டறியப்பட்டுப் பிடிபட்டார். தலைவனுக்கு அப்போது மகன் பிறந்திருந்ததால் மன்னிக்கப்பட்ட அவர், சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு, வீரசேனாசாரியராகத் திரும்பி, மதம் மாறியோரை மீண்டும் அழைத்துக்கொண்டார் என்று அச்செய்தி தொடர்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் இரங்கும் செயலே ஒருவரைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லும் சாட்சியானது நெஞ்சைப் பதைக்கச் செய்கிறது. இந்த ஒடுக்குமுறையைச் சமயப் பற்றின் மிகுதி என்று சொல்வது சைவத்துக்கே இழுக்கு, ஏனெனில் இச்செய்தி பேசுவது தலைவனின் பக்தியை அன்று, அவனது செருக்குக்குப் பட்ட அடியையே. அதுபோலவே, கி.பி. 64இல் ரோம் எரிந்த பழியைத் தன்மீதிருந்து மாற்றவே ரோமப் பேரரசன் நீரோவும் கிறித்தவர்களை வதைத்தான். இத்தனைக்கும் பிறகு, செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் இயங்குகிறது.