பணத்துக்கு ரசீது உண்டு, புகாருக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் வயதுக்காரர்களுக்கும் வேலை வந்துவிடுகிறது. பேரன் எங்கே படிப்பது, பேத்தி எங்கே சேருவது என்ற பேச்சில் தாத்தா பாட்டிக்கு ஓட்டு கிடையாது. ஆனால் முதல் வருஷப் பணம் கட்டும் நாள் நெருங்கும்போது நம்முடைய ஃபிக்ஸட் டெபாசிட் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பணத்தில் பங்கு கேட்கிறவர்கள் கருத்தையும் கேட்டுக்கொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. புதுச்சேரியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கண்ணில் படுகிற சின்னத் தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றித்தான் பேச்சு. ஓர் அறக்கட்டளை, ஒரு சேர்மன், அவர் குடும்பத்தார் நாலைந்து பேர், ஓரிரண்டாயிரம் மாணவர்கள். விளம்பரப் புத்தகத்தைப் பிரித்தால் ஏசி விடுதி, வடக்கத்திச் சாப்பாடு தெற்கத்திச் சாப்பாடு, ஜிம், 24 மணி நேர மருத்துவ வசதி, ஆம்புலன்ஸ், மனநல ஆலோசகர் என்று வண்ணப் படங்கள். கடைசிப் பக்கத்தில், ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்ற வாசகம் கட்டாயம் இருக்கும்.

அந்தக் குடும்பப் பேச்சு முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன இடத்தில் நல்லதும் உண்டு. வாத்தியாருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். ஒரு வாரம் வகுப்புக்கு வராவிட்டால் யாராவது கேட்பார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு போனஃபைடு சர்ட்டிபிகேட் வாங்க மூன்று ஜன்னலுக்கு அலைய வேண்டும். இங்கே தெரிந்த கிளார்க் இருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் கைக்கு வந்துவிடும். கிராமத்திலிருந்து முதல் தடவை வெளியே வருகிற பிள்ளைக்கு இந்த நெருக்கம் பெரிய தைரியம்.

நெருக்கம் கெட்டுப்போகிற நாளில் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

என் தங்கை மகனின் பெண் இப்படி ஒரு இடத்தில் படிக்கிறாள். ஊர் பெயரும் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி விடுதியில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். மருத்துவ அறை பூட்டியிருந்தது. நர்ஸ் சாயந்திரம் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவாராம். ஆம்புலன்ஸ் இருந்தது, டிரைவர் இல்லை. ஆட்டோவில் போகலாம் என்றால் அவுட்பாஸ் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் போனை எடுக்கவில்லை. வார்டன் அம்மா நல்லவர்தான். கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, பக்கத்திலேயே விழித்திருந்தார். ஆனால் கேட்டைத் திறந்துவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டெங்கு. நாலு நாள் படுக்கையில் கிடந்து, நல்லபடியாகத் திரும்பி வந்தாள்.

பிறகு நான் அவள் அப்பனிடம், “எழுத்தில் ஒரு புகார் கொடுப்பா, நான் டிராஃப்ட் எழுதித் தர்றேன்” என்றேன். அவன் சொன்ன பதில்: “வேண்டாம் மாமா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இன்டர்னல் மார்க் அவங்க கையில, ஹாஸ்டல் ரூம் அவங்க கையில. நாளைக்கு டி.சி.யும் அவங்கதான் கொடுக்கணும்.”

அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சொன்ன கணக்கு சரியான கணக்கு. சோறு போடுகிறவரும், அறை கொடுக்கிறவரும், மார்க் போடுகிறவரும், சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவரே என்றால் சாம்பாரில் புழு கிடந்தாலும் பிள்ளை பேசாது. இடம் சின்னதாக ஆக ஆக இந்தப் பயம் பெரிதாகிறது. ஐம்பதாயிரம் பேரில் ஒருவன் புகார் எழுதினால் அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாயிரம் பேரில் எழுதினால் மறுநாள் காலையில் சேர்மன் வரைக்கும் தெரிந்துவிடும். பெயர் தெரிந்து வைத்திருப்பதில் இப்படி ஓர் ஆபத்தும் இருக்கிறது.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நம் ஊரில் பல வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் படிக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ‘க்ரூஸ்’ என்ற பெயரைச் சொல்வார்கள். 1955ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட அரசு அமைப்பு அது. மாணவர் விடுதி, மலிவு விலைச் சாப்பாட்டுக்கூடம், உதவித்தொகை மூன்றையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. உதவித்தொகை வாங்கும் மாணவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு 1 யூரோ. அதன் நிர்வாகக் குழுவில் மாணவர்களே ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகளும் உட்கார்கிறார்கள். அங்கேயும் குறை உண்டு. பாரிசில் அறை கிடைக்காமல் அலைகிற பிள்ளைகள் ஏராளம். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாப்பாடு போடுகிற அமைப்பு வேறு, பரீட்சை வைக்கிற பல்கலைக்கழகம் வேறு. சூப் ஆறிப்போயிருக்கிறது என்று சொன்னதற்காக எந்த மாணவனுக்கும் கணக்கில் மார்க் குறையாது.

அந்த ஏற்பாட்டை இங்கே நாளைக்கே கொண்டுவர முடியாது. நம் தனியார் பல்கலைக்கழகங்களில் எல்லாம் ஒரே கையில்தான் இருக்கும். அப்படியானால் அந்தக் கைக்கு மேலே ஒரு கண்ணாவது வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கிறது; நம்மில் பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த நாளிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் குழு தன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால் ஆம்பட்ஸ்பர்சன் என்கிற குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதிதான் அந்தப் பதவிக்கு வர முடியும். அவர் 30 நாளில் முடித்து வைக்கப் பார்க்க வேண்டும். இந்த விவரங்களை நிறுவனத்தின் இணையதளத்திலும் விளம்பரப் புத்தகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி போட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன வசதியைச் செய்து தராமல் இருப்பதும் புகாருக்குரிய குறை என்று அதே விதிமுறை சொல்கிறது. பூட்டிக் கிடந்த அந்த 24 மணி நேர மருத்துவ அறை இதற்குள் அடங்காமல் வேறு எதில் அடங்கும்?

இன்னும் உண்டு. பிள்ளையின் அசல் சர்ட்டிபிகேட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018லேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது, சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்தது. ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண் நாள் முழுவதும் வேலை செய்கிறது. பக்கத்துச் சிதம்பரத்தில் 1996ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதும், அதன் பிறகு 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்ததும் நம் தலைமுறைக்கு மறக்காது. சட்டம் வர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. வந்த சட்டத்தைப் படிக்கவாவது செய்யலாம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க் வேலை பார்த்தவன். அதில் பல வருஷம் தபால் பிரிவில். மனு வந்தால் முதல் வேலை அதற்கு நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தி, கொடுத்தவர் கையில் ஒப்புகைச் சீட்டு கொடுப்பது. பிரெஞ்சில் அந்தச் சீட்டுக்கு ‘ரெசெபிஸ்ஸே’ என்று பெயர். பார்த்தால் துண்டுக் காகிதம்தான். ஆனால் நம்பர் போட்ட மனு உயிருள்ள மனு. அதைத் தொலைத்தாலும் தொலைத்தது யார் என்று கேட்கலாம். நம்பர் போடாத மனு, கொடுத்தவர் வாசலைத் தாண்டும்போதே செத்துப்போகும். மேலே சொன்ன 15 நாள் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது? புகார் கிடைத்த தேதியில். அந்தத் தேதிக்குச் சாட்சி இல்லாவிட்டால் 15 நாளும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. இந்தப் பல்கலைக்கழகங்கள் பணத்துக்கு உடனே ரசீது கொடுக்கின்றன. வார்டனிடம் வாயால் சொன்ன புகாருக்கு, “பார்த்துக்கறேன்மா” என்ற பதில்தான் ரசீது.

“கவர்ன்மெண்ட் ஆபீசில் நம்பர் போட்ட ஃபைல் எல்லாம் நகர்ந்ததா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நகராமல் தூசி படிந்த ஃபைல்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நகராத ஃபைலை நகர்த்தியவர்கள் எல்லோரும் கையில் அந்தச் சீட்டை வைத்திருந்தவர்கள்தான். சின்ன இடத்தில் எதற்கு இத்தனை காகிதம், மனிதர்கள் நல்லவர்களாக இருந்தால் போதாதா என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வார்டன் அம்மாவை விட நல்லவர் யார்? விடுதியில் ராத்திரி அவசரம் வந்தால் வார்டனே முடிவு எடுக்கலாம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவர் நல்ல குணம் கஞ்சியோடு நின்றிருக்காது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்திருக்கும்.

ஆகவே பேரப்பிள்ளையோடு அட்மிஷனுக்குப் போகிற பெரியவர்களுக்கு என் யோசனை இது. லைப்ரரி, ஏசி வகுப்பறை எல்லாம் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் நாலு கேள்வி கேளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கேட்டைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? மெஸ் நடத்துகிறவருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, அதை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? ஆலோசகர் எந்த நாட்களில், எத்தனை மணிக்கு வருகிறார்? குறைதீர்ப்புக் குழுவில் யார் யார், ஆம்பட்ஸ்பர்சன் பெயர் என்ன, புகார் கொடுத்தால் ஒப்புகை தருவீர்களா?

நரைத்த தலை கேட்டால் கொஞ்சம் மரியாதையோடு பதில் சொல்வார்கள். நமக்கு இன்டர்னல் மார்க் பயமும் கிடையாது. பெற்றவர்கள் பயப்படுகிற இடத்தில் தாத்தா பாட்டி பேசலாம். பதில் உடனே வந்தால் நல்ல இடம், தைரியமாகச் சேருங்கள். “அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை வராது சார், நாங்க ஒரே குடும்பம்” என்று சிரித்தால், டிமாண்ட் டிராஃப்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த இடத்தைப் பார்க்கப் போங்கள்.