ஒரு தடவை நட்டா வருஷக்கணக்கா வருமானமா? நேப்பியர் புல் கணக்கு

போன வீடியோவுக்கு வந்த ஒரு கேள்வி. ஒரகடத்துல வேலை, சொந்த ஊர் சாலவாக்கம். வீட்டுல ஒரு ஏக்கர், ரெண்டு கறவை மாடு. 2 லட்சம் பர்சனல் லோன் போட்டு ஏக்கர் முழுக்க கோ-4 புல் நட்டு விக்கலாமா, இது பேசிவ் இன்கம் தானேன்னு கேட்டிருந்தார்.

என் பதில்: புல்லை நடுங்க, லோனை விடுங்க.

கோ-4ங்கிறது கம்பையும் நேப்பியரையும் ஒட்டு சேர்த்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008ல வெளியிட்ட ரகம். முதல் அறுப்பு 75-80 நாள்ல, அப்புறம் 45 நாளைக்கு ஒண்ணு. நல்லா பராமரிச்சா ஏக்கருக்கு வருஷம் 150 டன். வீடியோக்கள்ல சொல்ற இந்தக் கணக்கு பொய் இல்லை. ஆனா 150 டன்னா தினம் 400 கிலோ. கிலோ 2 ரூபாய்னு வச்சுக்கிட்டா 800. அதை அறுத்துக் கட்ட ஒரு ஆள் கூலி 600 போகட்டும். உத்திரமேரூர் வரைக்கும் வண்டி வாடகை? பச்சைப் புல்லுல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். தண்ணிக்கு வாடகை கொடுத்து ஏத்திட்டுப் போறோம். அதோட, தினம் 400 கிலோ வாங்க 16 மாடு வச்சிருக்கிற ஆள் வேணும். அவர் தன் நிலத்துலயே நட்டிருப்பார்!

இப்ப வீட்டு மாட்டைப் பாருங்க. ரெண்டுக்கும் தினம் 50 கிலோ போதும். அதுக்கு 15 சென்ட், சுமார் 2,000 கரணை. இது விதையில வராது, கரணைதான். பக்கத்துத் தோட்டத்துல கேட்டாலே கிடைக்கும். 'சூப்பர்'னு பேர் போட்டு கொரியர்ல வர்றதுக்குக் காசு கொட்டாதீங்க. ரெண்டு அடி பார், அரையடி குறைவா செடிக்குச் செடி. நட்ட அன்னைக்குத் தண்ணி, மூணாம் நாள் உயிர்த் தண்ணி, அப்புறம் 10 நாளைக்கு ஒண்ணு. சித்திரையில போர் தாங்குமான்னு அப்பாகிட்ட கேளுங்க. ஏரிக்குக் கீழ நெல் வயல்ல வேண்டாம், ஐப்பசி மழையில தண்ணி நின்னா தூர் அழுகிடும். மேட்டுப் பக்கமா வைங்க. ஒவ்வொரு அறுப்புக்கும் எரு, யூரியா கொடுக்கணும். 45 பாத்தியா பிரிச்சுட்டா தினம் ஒண்ணு அறுக்கலாம். முத்த விட்டா மாடு தண்டை ஒதுக்கிடும். ஓரத்துல வேலிமசாலும் போடுங்க, மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு.

இதனால மாட்டுக்குத் தினம் ஒன்றரை கிலோ கடைத் தீவனம் குறைஞ்சா, கிலோ 30 ரூபாய்னு பார்த்தாலும் மாசம் 2,700 மிச்சம். இஎம்ஐ இல்லை.

வரி பத்தியும் ஒரு வார்த்தை. புல் வித்த காசு விவசாய வருமானம், வரி கிடையாது. பால் வித்த லாபம் அப்படி இல்லை, ரிட்டர்ன்ல காட்டணும்.

ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு: தினமும் அறுக்கப்போறது யாரு? நீங்க ஷிஃப்ட்ல இருப்பீங்க. அம்மாதான்னா, அந்தக் கூலியையும் கணக்குல எழுதிட்டு எனக்கு மறுபடி மெசேஜ் பண்ணுங்க.