காலம் ஆற்றாது

இந்தத் தை மாதம் என் பெரியப்பா மகன் இறந்துபோனார். ஐம்பத்திரண்டு வயது. நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் கொஞ்சம் மிளகாய். அதுதான் அவருடைய உலகம்.

பதினாறாம் நாள் கருமாதியில் உருமாக் கட்டு முடிந்தது, பந்தியும் முடிந்தது. கை கழுவிவிட்டு வந்த ஒரு பெரியவர் மதினிக்கு முன்னால் நின்று சொன்னார்: “அழுகாதத்தா. காலம் எல்லாத்தையும் ஆத்தும். இனி ஆக வேண்டியதப் பாரு.” சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வெற்றிலை போட்டார்கள். வண்டியை எடுத்தார்கள். போய்விட்டார்கள்.

நாற்பது நாள் கழித்து ஒரு சாயங்காலம் நான் போனேன். மதினி களத்தில் காய்ந்த வத்தலைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “பதினாறு முடிஞ்ச மறுநாள்லேர்ந்து வாசல்ல ஒரு செருப்புக் கெடக்கல தம்பி.”

அன்றைக்கு மூண்ட கோபம் இன்னும் அடங்கவில்லை. முதல் கோபம் என் மேல். நாற்பது நாள் அந்த வாசலில் என் செருப்பும் கிடக்கவில்லையே. அடுத்த கோபம் அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல். காலம் எல்லாவற்றையும் ஆற்றுமாம். இதைவிடச் சோம்பேறித்தனமான, இதைவிடக் கோழைத்தனமான ஆறுதல் மொழி தமிழில் இல்லை. நாம் செய்ய வேண்டிய வேலையை நாள்காட்டியின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதற்கு ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்குக்குத்தான் தத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

காலம் ஆற்றும் என்பவர்களை நான் வெகுதூரம் அழைத்துப்போகப் போவதில்லை. பஸ் ஏறினால் அரைநாளில் பாம்பன். அங்கிருந்து தனுஷ்கோடி. இரண்டையும் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் ஒன்றுதான். அதே இரவில், அதே கடலில் இரண்டு பெரிய சேதங்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை எட்டுவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமும் அன்றைக்குச் சிதைந்தது. அதன் கர்டர்களில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் விழுந்தன.

பிறகு என்ன நடந்தது? பாலத்தைச் சீராக்கும் பொறுப்பு இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரனிடம் வந்தது. பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய அதே ஸ்ரீதரன். ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்தது. அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்து, தூக்கி, பொருத்தி, 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள். தனுஷ்கோடியை என்ன செய்தோம்? மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டுக் காலத்தின் கையில் கொடுத்தோம். அறுபது ஆண்டு முழுதாகப் போய்விட்டது. தேவாலயத்தின் மொட்டைச் சுவர் நிற்கிறது. ரயில் நிலையத்தின் எலும்பு நிற்கிறது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏற ஜனம் காத்திருந்த துறைமுகம் இன்று செல்ஃபி எடுக்கும் இடம்.

ஒரே புயல். கை வைத்த பாலம் 46 நாளில் எழுந்தது. காலத்திடம் விட்ட ஊர் அறுபது ஆண்டாகியும் இடிபாடாகவே கிடக்கிறது. காலம் ஆற்றும் என்று இனி யாராவது வாயெடுத்தால், அவர் முகத்துக்கு நேரே இந்த இரண்டையும் வையுங்கள்.

“கல்லும் இரும்பும் வேறு, மனசு வேறு” என்பார்கள். கல்லுக்கும் இரும்புக்குமே காலம் உதவவில்லை என்னும்போது, சதைக்கும் ரத்தத்துக்கும் மட்டும் எப்படி உதவும்? எங்கள் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்வோம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற பெரிய கண்மாய். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நாரைகூடப் பறந்து சேராது என்று சொல்லுமளவுக்கு விரிந்தது. அதற்குக் காலம் செய்தது என்ன? மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியது. கருவேலத்தை முளைக்க வைத்தது. கண்மாய் கண்மாயாக இருந்ததென்றால், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்கிய குடிமராமத்தால் இருந்தது. ஆளிறங்குவது நின்றதும் தூர்ந்தது. துக்கமும் அப்படித்தான். ஆளிறங்காவிட்டால் உள்ளுக்குள் தூர்ந்துகொண்டே போகும். வெளியே பார்ப்பவர்களுக்கு அழுகை நின்றுவிட்டது போலத் தெரியும். மடையில் தண்ணீர் வராமல் போனதைப் பார்த்து, கண்மாய் ஆறிவிட்டது என்று எந்தச் சம்சாரியாவது சொல்வானா?

மதினியின் களத்தில் காய்ந்த மிளகாயையே கேட்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்படுகிறோம். பழத்தைக் களத்தில் கொட்டிவிட்டு, வெயிலும் நாளும் பார்த்துக்கொள்ளும் என்று படுத்தால் அந்த வத்தல் என்ன ஆகும்? வெளுத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும். பகலில் கிளறிவிட வேண்டும், பனிக்கு முன்னால் குவித்து மூட வேண்டும், மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். வத்தலுக்குக் காட்டுகிற அக்கறையை ஒரு மனுஷிக்குக் காட்ட நமக்கு நேரமில்லாமல் போனது எப்படி?

கடற்கரைப் பக்கம் போனால் கதை இன்னும் கொடியது. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, தொண்டி, பாம்பன், எந்த ஊரானாலும் சரி. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால், ஏழாண்டு தகவலே இல்லாமல் இருந்தால்தான் அவரை இறந்தவராகக் கருத இடமுண்டு என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அந்த ஏழாண்டில் அந்த வீட்டுப் பெண் யார்? மனைவியா, விதவையா? அவள் பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. வங்கியில் கேள்வி, ரேஷன் கார்டில் கேள்வி, மகளின் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும்போது கேள்வி. ஏழாண்டுக் காலம் அவளை ஆற்றுகிறதா, அறுக்கிறதா? எல்லையைத் தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன மீனவரின் வீட்டில் சாவு விழவில்லை. அதனால் கேதம் கேட்கவும் யாரும் வருவதில்லை. ஆனால் அங்கேயும் அடுப்பு எரியவில்லை. சாவு மட்டும்தான் துக்கம் என்று நமக்கு யார் சொன்னது? படகு போனது, வேலை போனது, பிள்ளை தேர்வில் தோற்றது, மகள் வாழாமல் திரும்பி வந்தது, எல்லாம் துக்கம்தான். அவற்றுக்கெல்லாம் நாம் நீட்டுவதும் இந்த ஒரே செல்லாக்காசுதான்: காலம் பார்த்துக்கொள்ளும்.

நம் முன்னோருக்கு இந்த மூடநம்பிக்கை இருந்ததில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் போய் நின்று பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் போன அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்கள் எத்தனை பேர்! தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறவர்கள் எத்தனை பேர்! கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்று தனியாக ஒரு காலத்தை ஒதுக்கிவைத்தது இஸ்லாம். பதினாறு நாளில் துக்கம் முடிந்துவிடும் என்று நம்பிய மனிதர்கள் வருஷத் திதியை எதற்காக ஏற்படுத்துவார்கள்? ஆண்டுகள் போனாலும் துக்கம் திரும்பி வரும், வரும்போது நாலு பேர் கூட நிற்க வேண்டும் என்று தெரிந்ததால்தான் நாள் குறித்து வைத்தார்கள். நாம் திதியை வைத்துக்கொண்டோம், கூட நிற்பதை விட்டுவிட்டோம்.

கேத வீட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். பெயர் சொல்லி, உறவு சொல்லி, செத்தவர் வாங்கித் தந்த பண்டத்தைச் சொல்லி அழுவார்கள். அதை நாகரிகமில்லாதது என்று ஒதுக்கினோம். இன்று ஒப்பாரி ஒலிபெருக்கியில் ஓடுகிறது. கீழே நாற்காலியில் ஆளாளுக்குச் செல்போன். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். அந்த ஃப்ளெக்ஸில் செத்தவரைவிட அஞ்சலி செலுத்துகிறவர்களின் படம்தான் பெரிதாக இருக்கிறது. வாட்ஸ்அப் நிலைத்தகவலில் ஒரு விளக்குப் படம் போட்டுவிட்டால் துக்கம் கேட்ட கடன் தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீரவில்லை. உண்மையான கடன் வசூலுக்கு ஆள் மட்டும் தவறாமல் வருகிறது. அண்ணன் போன எட்டாம் நாள் ஒரு நிதி நிறுவனத்திலிருந்து குழுக் கடன் தவணை கேட்டு வந்து மதினியின் திண்ணையில் உட்கார்ந்தார்கள். காலம் ஆற்றும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஆண்களுக்கு நாம் இழைக்கும் கொடுமை தனி. அண்ணன் மகனுக்கு இருபத்திரண்டு வயது. உருமா கட்டிய கையோடு அவனிடம் சொன்னார்கள்: “ஆம்பளப் பய அழுகக் கூடாது, இனி நீதான் குடும்பத்தத் தாங்கணும்.” அழுகையை வாயில் துணி வைத்து அடைத்துவிட்டு, அவன் டாஸ்மாக் வாசலில் நின்றால் மட்டும் “பய கெட்டுப்போனான்” என்று தீர்ப்புச் சொல்வோம். அவனுக்கு அழ இடம் கொடுக்காத ஊர், குடிக்க மட்டும் இடம் கொடுத்திருக்கிறது. மதினிக்கு நேர்ந்ததும் இதே ரகம். வளையலை உடைத்து, பூவைப் பறித்து, இனி நல்ல காரியத்தில் முன்னால் வராதே என்று ஒதுக்கி நிறுத்திவிட்டு, ஆறிக்கொள் என்கிறோம். தினமும் குத்துகிற கையே ஆறவில்லையா என்று கேட்பது என்ன நியாயம்?

ஒதுக்கி வைத்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்கிற இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை அது. ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது, உறவு இருந்தது. கொஞ்ச காலம் அங்கே இருக்கட்டும், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். காலம் அவர்களை எப்படி ஆற்றியது என்று உலகமே பார்த்தது. அதற்குப் பிறகும் நமக்குப் புத்தி வரவில்லை.

மருத்துவமும் நம் பக்கம்தான் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், ஆறு மாதத்துக்கு மேலும் குறையாமல் ஆளை முடக்கிப்போடும் துக்கத்துக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறது. காலமே எல்லாருக்கும் மருந்தென்றால் அந்தப் பெயருக்கு அங்கே வேலை என்ன? அப்படி முடங்கியவர்களும் அழைக்கக்கூடிய 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இரவு பகலாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை வீட்டுச் சுவரில் அந்த எண் எழுதியிருக்கிறது? கட்சிக்காரன் பெயர் எழுதாத சுவர் இல்லை.

ஆனால் போனில் பேசுகிறவர் வந்து வத்தலை அள்ளிக் கொடுக்க மாட்டார். அது நம் வேலை. பெரிய வேலை ஒன்றுமில்லை. பதினேழாம் நாள் போங்கள். முப்பதாம் நாள் போங்கள். செத்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று பயப்படாதீர்கள், அழட்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அலையும்போது வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். குழம்பு வைத்தால் ஒரு தூக்குவாளி கொண்டுபோங்கள். முதல் தீபாவளி, முதல் பொங்கல், முதல் கல்யாண நாள், இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறந்தாயிற்று. பழைய பாலம் அப்போதும் பக்கத்திலேயே நின்றது. அதை 46 நாளில் தூக்கி நிறுத்தியவை மனிதக் கைகள். காலம் அதன் ஓர் ஆணியைக்கூட முடுக்கவில்லை. ஒரு பாலத்துக்கு 46 நாள் உழைத்த மண்ணில், ஒரு மனுஷிக்குப் பதினாறு நாளோடு கணக்கை முடிப்பது பாவம்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி ஒரு வீடு தெரியும். போன மாதமோ போன வருஷமோ நீங்கள் கை கழுவிவிட்டு வந்த வீடு. இன்றைக்குச் சாயங்காலம் அங்கே போங்கள். அந்த வாசலில் உங்கள் செருப்புக் கிடக்கட்டும்.