பழியைச் சுமக்கும் குலம்

கொன்றவனைத் தண்டிக்க வேண்டும் என்று மனிதர் விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் கொன்றவன் அகப்படாதபோது அவன் தம்பியையோ சிற்றப்பன் மகனையோ கொன்றாலும் கணக்குத் தீர்ந்துவிட்டதாக ஒரு சமூகமே திருப்தி கொள்ளுமானால், அச்செயலுக்குத் தனிமனிதனின் ஆத்திரத்தைக் காட்டிலும் குலாபிமானமே காரணம் என்றுதான் நான் கருதுகிறேன். வடக்கு அல்பேனிய மலைநாட்டின் சரித்திரம் இதற்குத் தெளிவான சாட்சி.

15-ஆம் நூற்றாண்டுப் பிரபுவான லேக்கே டுகாஜினியின் பெயரால் வழங்கும் ‘கனூன்’ என்ற வழக்காற்றுச் சட்டம், தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே நிலவிவந்து, ஜெச்சோவ் என்ற பிரான்சிஸ்கன் பாதிரியாரின் உழைப்பால் தொகுக்கப்பெற்று, அவர் 1929-இல் கொல்லப்பட்ட பிறகு, 1933-இல் நூலுருப் பெற்றது. அதன் பழைய விதிப்படி இரத்தப்பழி கொலையாளி ஒருவனையே சாரும்; பிற்கால விதியோ அவன் வீட்டு ஆண்மக்கள் அனைவரையும், தொட்டிலில் கிடக்கும் சிசுவையுங்கூட, அப்பழிக்கு ஆளாக்கியது. கொலை நடந்த 24 மணி நேரத்துக்குப் பங்காளிகளுக்கும் தலைக்கு உத்தரவாதமில்லை. பெண்களைக் கொல்வதும் வீட்டுக்குள் இருப்பவனைத் தாக்குவதும் இழிவெனக் கருதப்பட்டமையால், குறுகிய துளைகளையே சாளரமாகக் கொண்ட கல்வீடுகளுக்குள் ஆண்கள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடக்க, வெளிவேலைகள் பெண்களின் தலையில் விழுந்தன.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ‘பெசா’ என்னும் தற்காலிக அபயம் பெற்ற கொலையாளி, தான் கொன்றவனின் சாவு வீட்டுக்கே சென்று, துக்கத்தில் பங்குகொண்டு, பந்தியிலும் அமர வேண்டும். துவேஷம் தலைக்கேறியவர்களால் இப்படி உடனிருந்து உண்ண முடியுமா? பழி வாங்கப் போகிறவனுக்கு எதிரியின்மேல் குரோதம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஊரார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே போதும். மானத்தை மீட்காதவனுக்கு முழங்காலுக்குக் கீழாகக் காப்பிக் கோப்பையை நீட்டும் வழக்கம் அங்கே இருந்தது. அந்தக் காப்பியைக் குடிப்பதைவிடத் துப்பாக்கியை எடுப்பது பலருக்கு எளிதாயிருந்திருக்கும்.

மலைக்கு அப்பால் கொசோவோவிலும் இதே வழக்கம். 1989-இல் அதன் சுயாட்சியைச் செர்பியா பறித்த பின், நாட்டார் வழக்காற்று அறிஞர் அன்டோன் செட்டாவும் மாணவர்களும் வீடு வீடாகச் சென்று, பகை கொண்ட குடும்பங்களைச் சமாதானப்படுத்தினார்கள். 1990 மே 1-ஆம் தேதி டெச்சான் பகுதியில் லட்சக்கணக்கானோர் திரண்ட கூட்டத்தில், மகனைப் பறிகொடுத்தவர்கள் மக்களின் பெயராலும் இளைஞர்களின் பெயராலும் கொடியின் பெயராலும் பழியைத் துறந்தார்கள். செட்டாவின் தொண்டு மகத்தானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த மன்னிப்பைச் சாத்தியமாக்கியது, பொது எதிரியின் முன்னே சிறு குலங்களைத் தன்னுள் அடக்கிக்கொண்ட ஒரு பெருங்குலத்தின் உணர்ச்சி என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1999-இல் செர்பியப் படைகள் 8 லட்சத்துக்கும் அதிகமான அல்பேனியர்களை விரட்டியடித்தன. ஜூனில் அப்படைகள் வெளியேற, அகதிகள் திரும்பியபோது, ஊரைவிட்டுப் போகாமல் எஞ்சியிருந்த செர்பியக் கிழவர்களும், ரோமா குடும்பங்களும் பழிக்கு இலக்கானார்கள். கொலையாளி ஒருவனையே தேடிய பழைய கனூன், இதைக் காட்டிலும் நியாயமாகவே நடந்துகொண்டது.